புதிய பணியிடத்தின் மொழியைப் பழகிக்கொள்வது எப்படி?

பொது நோக்கம், தொடர்புகொள்ளும் வழிகள், கருத்தறியும் முறை, எழுத்து வடிவங்கள் (மின்னஞ்சல், அறிக்கை போன்றவை), தனிச்சொற்கள், போதிய எண்ணிக்கையில் அனுபவசாலிகள் எனச் சொல்லாடல் சமூகத்துக்கு, அதாவது பொது நோக்கத்துக்காகத் தமக்கே உரிய மொழிவழக்கில் பேசியும் எழுதியும் இயங்கும் குழுவுக்கு, மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990-இல் வகுத்த ஆறு அடையாளங்களையும் பெரும்பாலான பணியிடங்களில் காணலாம்.

புதிதாகச் சேர்ந்தவர் எழுத்து வடிவங்களிலிருந்து தொடங்குவது நல்லது. பழைய மின்னஞ்சல்கள் பத்தைத் திறந்து, கோரிக்கை எந்த வரியில் வருகிறது, யாருக்கு நகல் போகிறது என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும். மேலாளருக்கு நகல் வைத்த நினைவூட்டல் சில இடங்களில் வெறும் நடைமுறை. வேறு இடங்களில் அது புகாருக்குச் சமம்.

தனிச்சொற்களைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். ஆனால், கூட்டத்தில் ஒருவர் சொல்லும் "பார்க்கலாம்" சம்மதமா மறுப்பா என்பது எந்த அகராதியிலும் இராது என்பதால், அதை அனுபவமுள்ள சக ஊழியரிடம் பின்னர் தனியே கேட்டுத் தெளிய வேண்டும்.