பவளத் தொட்டியில் படரும் சிவப்புப் படலம்: சயனோபாக்டீரியாவைக் கட்டுக்குள் கொண்டுவரும் செய்முறை

கடல்நீர்த் தொட்டி அமைத்துச் சில மாதங்கள் ஆன நிலையில், வெள்ளை மணலின் மேல் கருஞ்சிவப்பு வெல்வெட் துணியை விரித்தாற்போல ஒரு வழுவழுப்பான படலம் பரவத் தொடங்கினால், அது பெரும்பாலும் சயனோபாக்டீரியாவாகவே இருக்கும். தாவரங்களைப் போல ஒளிச்சேர்க்கை செய்யும் இந்த நுண்ணுயிர், உண்மையில் ஒரு பாக்டீரியா. பாசி தின்பதற்காக நாம் வாங்கிவிடும் நத்தைகளும் மீன்களும் இதைப் பெரும்பாலும் தொடுவதில்லை என்பதையும், இதைக் கொல்லும் மருந்து தொட்டியின் நல்ல பாக்டீரியாக்களையும் பாதிக்கக்கூடும் என்பதையும் முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

கடைக்குச் சென்றால் முதலில் நீட்டப்படுவது மருந்துப் பொட்டலம்தான். என் பரிந்துரை அதற்கு நேர் எதிரானது: முதலில் கையால் அகற்றுதல், அடுத்து நீரோட்டம், பிறகு நீரின் அளவுகள், எல்லாவற்றுக்கும் கடைசியில் மருந்து. கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். கணக்குகளுக்கு 200 லிட்டர் நீர் கொண்ட, மென்பவளங்கள் வளரும் ஒரு தொட்டியை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

படி 1: சயனோதானா என்று உறுதிசெய்யுங்கள்

விளக்கு எரியத் தொடங்கிய சில மணி நேரத்தில் சயனோ படலம் தடித்து, மேற்பரப்பில் சிறு சிறு ஆக்ஸிஜன் குமிழிகள் தங்கும். விளக்கு அணைந்த பின் அது மெலிந்து, மறுநாள் காலையில் பாதி மறைந்துவிட்டது போலத் தோன்றும். ஓர் இடுக்கியால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் ஏடு போல உரிந்து வரும். நிறம் எப்போதும் சிவப்பாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஃபைகோஎரித்ரின் என்ற நிறமி மிகுந்தவை சிவப்பாகவும், மற்றவை கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கலாம்.

இதோடு குழப்பிக்கொள்ளத் தக்கவை மூன்று. பாறையில் கெட்டியாக ஒட்டிக்கொண்டு, நகத்தால் சுரண்டினாலும் வராத இளஞ்சிவப்பு அல்லது ஊதாப் பூச்சு கோரலைன் பாசி. அது நல்ல அறிகுறி, அதை விட்டுவிடுங்கள். புதிய தொட்டியில் முதல் சில வாரங்களில் பழுப்புத் தூள் தூவியது போலப் படிவது டயாட்டம். நீரில் சிலிக்கேட் குறைந்ததும் பெரும்பாலும் தானாகவே மறையும். மூன்றாவதான டைனோஃப்ளாஜெல்லேட்டுகளிடம்தான் எச்சரிக்கை தேவை. அவை பழுப்பு நிறச் சளி இழைகளாகத் தொங்கி, நுனிகளில் குமிழிகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். சில வகைகள் நத்தைகளைக் கொன்றுவிடும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்கு இறங்கிய தொட்டிகளில்தான் அவை பெரும்பாலும் பெருகுகின்றன. ஆகவே சயனோ என்று நினைத்து ஊட்டச்சத்தை மேலும் குறைத்தால் நிலைமை மோசமாகும்.

ஐயம் இருந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. சிறிதளவு படலத்தைத் தொட்டி நீரோடு ஒரு கண்ணாடிப் புட்டியில் இட்டு, நன்றாகக் குலுக்கி, காபி வடிதாளில் வடிகட்டி, வடிந்த நீரை ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வையுங்கள். அந்த நீரில் மீண்டும் சளி இழைகள் திரண்டால் டைனோ என்று கொள்ளலாம். சயனோவின் இழைகள் பெரும்பகுதி வடிதாளிலேயே தங்கிவிடும். நுண்ணோக்கி கிடைத்தால் 400 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்ப்பது இன்னும் உறுதியானது: சயனோ நீண்ட இழைகளாகவும், டைனோ தனித்தனியே நகரும் செல்களாகவும் தெரியும்.

படி 2: அளவெடுத்துக் குறித்துவையுங்கள்

வெப்பநிலை, உப்படர்த்தி, அல்கலினிட்டி (காரத்தன்மை), நைட்ரேட், பாஸ்பேட் ஆகிய ஐந்தையும் ஒரே நாளில் அளந்து தேதியுடன் எழுதிவையுங்கள். வெப்பநிலை 25 முதல் 26 டிகிரி செல்சியஸ், உப்படர்த்தியைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026, அல்கலினிட்டி அதன் அலகான டிகேஎச்சில் 8 முதல் 9, நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), பாஸ்பேட் 0.03 முதல் 0.10 பிபிஎம் என்பவை நான் இலக்காக வைக்கும் வரம்புகள். கோடையில் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாத தொட்டிகளின் வெப்பநிலை எளிதாக 29, 30 என்று ஏறிவிடும். வெப்பம் ஏற ஏற நீரில் கரையும் ஆக்ஸிஜன் குறைகிறது, சயனோவோ வேகமாக வளர்கிறது.

ஹன்னா நிறுவனத்தின் எச்ஐ736 கருவியை வைத்திருப்பவர்கள், அது காட்டுவது பாஸ்பேட் அல்ல, பாஸ்பரஸ் என்பதையும், அலகு பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) என்பதையும் கவனிக்க வேண்டும். காட்டும் எண்ணை 3.066 ஆல் பெருக்கி, 1000 ஆல் வகுத்தால் பாஸ்பேட் பிபிஎம் கிடைக்கும். திரையில் 20 என்று வந்தால் அது 0.061 பிபிஎம், அதாவது நல்ல அளவு. இன்னொன்று: மணல் முழுவதும் படலம் மூடியிருக்கும்போது சோதனையில் பாஸ்பேட் பூஜ்யம் என்று வந்தால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். நீரில் கரைந்து மிதப்பதைத்தான் சோதனை காட்டுகிறது. படலம் ஏற்கெனவே உறிஞ்சி வைத்திருப்பதையும், அதன் அடியில் மக்கும் கழிவிலிருந்து நேராக எடுத்துக்கொள்வதையும் காட்டாது.

படி 3: குழாயால் உறிஞ்சி எடுங்கள்

இந்தச் செய்முறையில் அதிகப் பலன் தருவதும், பலர் சோம்பலால் தவிர்ப்பதும் இதுதான். பிற்பகலில் அல்லது விளக்கு அணைய ஒரு மணி நேரம் இருக்கும்போது தொடங்குங்கள். அப்போதுதான் படலம் தடித்து, குமிழிகளால் சற்றே மேலெழும்பி, முழு ஏடாக உரிந்து வரும். காலையில் செய்தால் மணலோடு ஒட்டிக்கிடக்கும் மெல்லிய இழைகள் கையில் சிக்காது.

ஏர் பம்புக்குப் பயன்படுத்துவதைவிடச் சற்றுத் தடித்த, உள்விட்டம் 6 முதல் 8 மில்லிமீட்டர் உள்ள ஒரு குழாய் போதும். பெரிய குழாய் மணலையும் அள்ளிக்கொண்டு போகும். குழாயின் நீர் வெளியேறும் முனையைக் கட்டைவிரலால் பாதி அழுத்தி ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு, மறுமுனையைப் படலத்தின் ஓரத்தில் சாய்வாக வைத்து மெல்ல உள்நோக்கி நகர்த்துங்கள். ஏடு சுருண்டுகொண்டு குழாய்க்குள் ஏறும். நடுவில் குத்தினால் படலம் துண்டு துண்டாகச் சிதறி, ஒவ்வொரு துண்டும் வேறோர் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர்களை நிறுத்திவிட்டே இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

வெளியேறும் நீரைச் சம்ப்பில் (வடிகட்டும் கருவிகள் இருக்கும் துணைத்தொட்டி) மாட்டிய 100 மைக்ரான் ஃபில்டர் சாக்ஸ் என்ற வடிபைக்குள் விட்டால், படலம் பையில் தங்கி, நீர் தொட்டிக்கே திரும்பிவிடும். நீர் தீர்ந்துவிடும் என்ற அவசரம் இல்லாமல் நிதானமாகச் சுத்தம் செய்யலாம். வேலை முடிந்ததும் அந்தப் பையை உடனே எடுத்துக் கழுவுங்கள். பாறை இடுக்குகளில் உள்ளதை ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சால் நீர் பீய்ச்சிக் கிளப்பி, கிளம்பியதை உறிஞ்சுங்கள். மணலின் மேல் ஒரு சென்டிமீட்டரைக் கிளறுவதில் தவறில்லை. ஆண்டுக்கணக்கில் தொடாத ஆழமான மணற்படுகையை மட்டும் கிளறக் கூடாது. அடியில் தேங்கிய ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளிவந்தால் மீன்கள் இறக்கலாம்.

இதை ஒன்றுவிட்டொரு நாள், இரண்டு வாரம் செய்யுங்கள். வாரம் ஒருமுறை 10 முதல் 15 சதவீத நீரையும் மாற்றுங்கள்.

படி 4: தேங்கும் இடங்களைக் கண்டுபிடியுங்கள்

படலம் எப்போதும் ஒரே மூலையில் தொடங்கினால், அங்கே நீர் நகரவில்லை என்று பொருள். ஒரு சிட்டிகைப் பொடித் தீவனத்தை நீரில் விட்டு, துகள்கள் எங்கே சுழல்கின்றன, எங்கே அமர்கின்றன என்று பாருங்கள். மென்பவளத் தொட்டிக்கு மணிக்கு ஏறத்தாழ 20 மடங்கு சுழற்சி போதுமானது; 200 லிட்டருக்கு 4000 லிட்டர் திறன். அந்தத் திறனை ஒரே வேவ்மேக்கரில் பெறுவதைவிட, எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு சிறியவற்றை மாற்றி மாற்றி இயங்கவிடுவது மேல். பின்புறக் கண்ணாடியை ஒட்டிப் பாறைகளை அடுக்கியிருந்தால், ஒரு கை நுழையும் அளவுக்கு முன்னால் நகர்த்துங்கள். நீரோட்டம் படலத்தைப் பிய்த்தெறிவதற்காக அல்ல. கழிவு கீழே அமராமல் மிதந்து, நுரையால் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரையும் வடிகட்டியையும் சென்றடைவதற்காக.

படி 5: உள்ளே போவதைக் குறையுங்கள்

தொட்டிக்குப் பயன்படுத்தும் ஆர்ஓ-டிஐ நீரின் (ஆர்ஓ சவ்வில் வடித்து, எஞ்சிய அயனிகளை டிஐ ரெசினால் நீக்கிய நீர்) டிடிஎஸ், அதாவது கரைந்துள்ள திடப்பொருள்களின் மொத்த அளவு, பூஜ்யமாக இருக்க வேண்டும். வீட்டுக் குடிநீருக்கான சாதாரண ஆர்ஓ இயந்திரத்தில் டிஐ ரெசின் இருப்பதில்லை. சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீரை அதில் வடித்தால் மீட்டரில் ஐம்பதுக்கு மேல் மிஞ்சுவது சாதாரணம். ரெசின் தீரத் தொடங்கும்போது முதலில் கசிந்து வருபவற்றுள் சிலிக்கேட்டும் ஒன்று. ஆகவே மீட்டர் 1 அல்லது 2 காட்டியவுடனேயே அதை மாற்றிவிடுங்கள்.

மைசிஸ் என்ற சிற்றிறால் வகை மீன் உணவின் உறைந்த கட்டியை நேராகத் தொட்டிக்குள் போடாமல், ஒரு கிண்ணம் ஆர்ஓ நீரில் கரையவிட்டு, சல்லடையில் வடித்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு இறைச்சியை மட்டும் கொடுங்கள். மீன்கள் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போதும். ஸ்கிம்மரின் கழுத்தில் படியும் பிசுக்கை மூன்று நாட்களுக்கு ஒருமுறை துடைத்துவிட்டால் அதன் திறன் கண்கூடாகக் கூடும். டி5 குழல் விளக்குகளை 9 முதல் 12 மாதங்களில் மாற்றுங்கள். எல்ஈடி விளக்கில் வெள்ளை, சிவப்பு, பச்சை அலைவரிசைகளைக் குறைத்து, மொத்த ஒளிநேரத்தை 8 மணி நேரமாக்குங்கள்.

படி 6: நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சமன்செய்யுங்கள்

தொடக்கநிலையினர் அதிகம் தடுமாறுவது இங்கேதான். இரண்டுமே மிகுந்திருந்தால் வழி எளிது: படி 3, படி 5 ஆகியவற்றைத் தொடர்வதே போதும். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு துகளான ஜிஎஃப்ஓவைப் பயன்படுத்துவதானால், பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்கிலிருந்து தொடங்குங்கள். பாஸ்பேட் திடீரென இறங்கினால் சயனோவுக்கு முன் பவளங்கள் வாடும். பாறை உறிஞ்சி வைத்திருந்த பாஸ்பேட் மெல்ல மெல்ல நீருக்குள் கசிவதால், முதல் சில வாரங்களில் எண் இறங்க மறுப்பது இயல்பு.

நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் மட்டும் அளவிடத்தக்க நிலையில் இருக்கிறது என்றால், சயனோவுக்கு அது மிகவும் சாதகமான நிலை. சயனோபாக்டீரியாவில் பல வகைகள் நீரில் கரைந்துள்ள நைட்ரஜன் வாயுவையே உணவாக மாற்றிக்கொள்ள வல்லவை. அவற்றோடு போட்டியிட வேண்டிய மற்ற நுண்ணுயிர்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் திறன் இல்லை. இந்நிலையில் நைட்ரேட்டைச் சிறிது கூட்டுவதே சரியான செயல். ஒரு லிட்டர் ஆர்ஓ-டிஐ நீரில் 13.7 கிராம் தூய சோடியம் நைட்ரேட்டைக் கரைத்தால், அந்தக் கரைசலின் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 10 மில்லிகிராம் நைட்ரேட் இருக்கும். 20 மில்லி ஊற்றினால் 200 லிட்டர் தொட்டியில் 1 பிபிஎம் உயரும். நாளொன்றுக்கு 1 பிபிஎம்மைத் தாண்டாமல், மறுநாள் அளந்துவிட்டு அடுத்த அளவை ஊற்றுங்கள்.

கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களை ஆராய்ந்து ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு 1934இல் எடுத்துக்காட்டிய நைட்ரஜன்-பாஸ்பரஸ் விகிதத்தைத் தொட்டிக்கும் துல்லியமாகப் பொருத்த முயல்பவர்கள் உண்டு. அது கடலின் சராசரிப் போக்கு. நம் தொட்டிக்கு எழுதிய மருந்துச்சீட்டு அல்ல. இரண்டு எண்களும் பூஜ்யமாகாமல், வரம்புக்குள் அதிகம் ஆடாமல் இருப்பதே போதுமானது. பாக்டீரியாவைப் பெருக்கி நைட்ரேட்டைக் குறைப்பதற்காக வோட்கா, வினிகர், பயோபெல்லட் போன்ற கரிம ஊட்டம் நடந்துகொண்டிருந்தால் அதைப் பாதியாகக் குறையுங்கள். அவற்றைத் தொடங்கிய பின் சயனோ தலைகாட்டுவது அடிக்கடி நடக்கிறது.

படி 7: மூன்று நாள் இருட்டு

மேற்கண்டவற்றை நான்கு வாரம் செய்தும் படலம் பாதியாகவாவது குறையவில்லை என்றால் மட்டும் இதற்கு வாருங்கள். முதலில் முடிந்தவரை உறிஞ்சி எடுத்துவிட்டு, விளக்கை அணைத்து, சன்னல் வெளிச்சமும் புகாதபடி தொட்டியைத் தடித்த துணியால் மூன்று நாட்கள் மூடிவையுங்கள். ஒளிச்சேர்க்கை நின்றுபோவதால் ஆக்ஸிஜனும் பிஎச்சும் இறங்கும். காற்றுக் குமிழிகளை விடும் ஏர் ஸ்டோன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், மேல்பக்கம் காற்றோட்டமும் இருக்க வேண்டும். ஆரோக்கியமான பவளங்கள் இதைத் தாங்கும். ஏற்கெனவே வெளிறியவை இருந்தால் இந்தப் படியைத் தவிர்த்துவிடுங்கள். நான்காம் நாள் 20 சதவீத நீரை மாற்றி, விளக்கைப் பாதி வலிமையில் தொடங்கி ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு ஏற்றுங்கள்.

படி 8: மருந்து

கெமிக்ளீன் போன்ற தயாரிப்புகள் வேகமாக வேலைசெய்பவை என்பதில் ஐயமில்லை. ஆனால் கழிவும் நீரோட்டமும் சரியாகாத தொட்டியில் படலம் சில வாரங்களில் திரும்பிவிடும். அளவைக் கணக்கிடும்போது தொட்டியின் கொள்ளளவை அல்ல, பாறையும் மணலும் போக எஞ்சிய நீரின் அளவையும், சம்ப்பில் உள்ள நீரையும் சேர்த்துக் கொள்ளுங்கள். வடிகட்டியில் உள்ள கார்பனை எடுத்துவிடுங்கள், யுவி விளக்கை அணையுங்கள், ஸ்கிம்மரை நிறுத்துங்கள், ஏர் ஸ்டோன்களை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். இறந்த படலம் மக்கும்போது ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். மருந்துக்குப் பின் மீன்கள் இறப்பதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். மின்வெட்டு அடிக்கடி நேரும் இடத்தில் மின்கலத்தில் இயங்கும் ஏர் பம்ப் ஒன்று இல்லாமல் இந்தப் படியைத் தொடங்காதீர்கள். மனிதர்களுக்கான எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையைப் பொடித்துப் போடுவதை எக்காரணத்துக்காகவும் செய்யக் கூடாது.

பொட்டலத்தில் குறித்த நேரம் முடிந்ததும், பொதுவாக 48 மணி நேரம், 20 சதவீத நீரை மாற்றிப் புதிய கார்பனைப் போடுங்கள். ஸ்கிம்மரை மீண்டும் இயக்கினால் சில நாட்கள் நுரை பொங்கி வழியும். கோப்பையின் வடிகால் மூடியைத் திறந்து ஒரு குழாயால் சம்ப்புக்கே திருப்பிவிடுங்கள். ஒரு வாரம் அமோனியாவை நாள்தோறும் அளந்துபாருங்கள். அதன் பிறகும் பழைய இடத்திலேயே படலம் முளைத்தால் அடுத்த மருந்தளவைத் தேடாதீர்கள். அந்தப் பாறையைத் தூக்கி, அடியில் அடைந்திருக்கும் கழிவைக் குழாயால் எடுத்துவிட்டு, படி 4க்குத் திரும்புங்கள்.