ராத்திரியில் வண்டி நின்றுவிட்டால்: ஜெபிப்பதும் செய்ய வேண்டியதும்

எங்கள் சபையின் வேனை ஓட்டுவது நான் விரும்பி ஏற்றுக்கொண்ட ஊழியம். மாலைக் கூட்டம் முடிந்ததும் வயதானவர்களையும் கைக்குழந்தையோடு வந்தவர்களையும் அவரவர் வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது பெரும்பாலும் நள்ளிரவு நெருங்கிவிடும். பழைய வண்டி. ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் அது நின்றுபோன இரவுகள் உண்டு. புதிதாக வேன் ஓட்ட வருகிற தம்பிகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் அணைந்துவிட்டால், அந்த நொடிக்கு நீண்ட ஜெபம் தேவையில்லை. தண்ணீரில் அமிழ்ந்துபோகத் தொடங்கிய பேதுரு, "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்று மட்டும்தான் கூப்பிட்டார். அதுவே போதும். கண்ணை மூடாதீர்கள், கை ஸ்டீயரிங்கிலேயே இருக்கட்டும். இன்ஜின் நின்றதும் பவர் ஸ்டீயரிங் கனத்துப்போகும். திரும்பும், ஆனால் பலம் கொடுத்துத் திருப்ப வேண்டும். பிரேக் பெடலும் கொஞ்ச நேரத்தில் மிதிக்கக் கடினமாகிவிடும். அதனால் விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக நிதானமாக மிதியுங்கள். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது சாவியை உருவிவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். இருக்கிற வேகத்தை வைத்தே சாலையோரத்துக்கு, முடிந்தால் வளைவைத் தாண்டி, பின்னால் வருகிறவர்கள் தூரத்திலிருந்தே பார்க்கக்கூடிய இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள். நிறுத்தியதும் ஹசார்டு விளக்கு (எல்லா இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுவது), ஹேண்ட்பிரேக்.

அப்புறம் ஆட்களின் பாதுகாப்பு. இங்கேதான் சில விசுவாசிகள் தடுமாறுகிறார்கள். "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்னாலேயே நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். வேதாகமத்தில் நெகேமியா நான்காம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். எதிரிகள் சூழ்ந்தபோது எருசலேம் மதிலைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கிறது. எனக்கு அந்த வசனம் மிகவும் பிரியம்.

வண்டிகள் பறக்கிற சாலை என்றால், போக்குவரத்து இல்லாத பக்கத்துக் கதவு வழியாக எல்லாரையும் இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய்விடுங்கள். நின்றிருக்கும் வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. பின்னாலிருந்து ஏதாவது வந்து மோதினால் நசுங்குவது அங்கே நிற்கிறவர்கள்தான். அமைதியான சாலை, வண்டி முழுவதும் தார்ச்சாலையை விட்டு இறங்கி நிற்கிறது என்றால், கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருப்பது நல்லது. நடுச்சாலையிலேயே மாட்டிக்கொண்டு, இறங்கவும் வழியில்லை என்றால் சீட் பெல்ட்டைக் கழற்றாமல், ஹசார்டு எரியவிட்டு, உடனே அவசர உதவி எண்ணை அழையுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வைக்க வேண்டும். ஆனால் வேகச் சாலையில் அதற்காக நடந்து போக வேண்டாம். அந்த முக்கோணத்தைவிட உங்கள் உயிர் ஆண்டவருக்குப் பெரியது.

உதவிக்கு அழைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். முதலில் அழையுங்கள், இருக்கும் இடத்தைப் பகிருங்கள், வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், அதன் பிறகு பழுதைப் பாருங்கள். மெக்கானிக்கிடம் சொல்ல நாலு விஷயம் கவனித்தால் போதும். சாவி திருப்பும்போது டக் டக் என்ற சத்தம் மட்டும் வந்து, விளக்குகள் மங்கினால் பேட்டரியோ அதன் முனைகளோதான் பெரும்பாலும் காரணம். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் எரிபொருள் பக்கம் பார்க்க வேண்டும். ஓடும்போதே பேட்டரிச் சின்னம் எரிந்து முகப்பு விளக்கு கொஞ்சம் கொஞ்சமாக மங்கியிருந்தால், ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டராக இருக்கலாம். வெப்பமுள் சிவப்புக்குப் போயிருந்தால், ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் ஆறவிட வேண்டும்.

சரி, இனி காத்திருக்கும் நேரம். உண்மையான சோதனை இதுதான். கை வேலை முடிந்ததும் மனம் வேலையை ஆரம்பித்துவிடும். புதரில் சருகு அசைந்தால்கூட யாரோ நடந்து வருவதுபோல் இருக்கும். இன்ஜின் ஆறும்போது பானெட்டுக்குள் இரும்பு சுருங்கி 'டிங்... டிங்' என்று சத்தம் வரும். அது என்னவென்று தெரியாதவர்களுக்கு அதுவே பயமாக இருக்கும். உள்ளே இருப்பவர்களிடம் "இன்ஜின் ஆறுது, வேறொன்றும் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பயம் வருவது அவிசுவாசம் என்று யாரும் உங்களைக் குற்றப்படுத்த விடாதீர்கள். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்று தாவீது பாடியிருக்கிறார். பயப்படவே மாட்டேன் என்று தொடங்கவில்லை பாருங்கள். பயப்படுகிற நாள் ஒன்று உண்டு என்பதை ஒத்துக்கொண்டுதான் நம்பிக்கையைச் சொல்கிறார். ஆகவே இருட்டில் உட்கார்ந்து, "ஆண்டவரே, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று அப்படியே சொல்லுங்கள். அலங்கார வார்த்தை வேண்டாம்.

நெஞ்சு படபடப்பு அடங்க நான் செய்வது ஒன்று உண்டு. ஹசார்டு போட்டிருக்கும்போது டேஷ்போர்டுக்குள் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும் அல்லவா, அதை எண்ணுவேன். நாலு டிக்குக்கு மெதுவாக மூச்சை இழுத்துக்கொண்டு மனதுக்குள் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்". ஆறு டிக்குக்கு மூச்சை வெளியே விட்டுக்கொண்டு "நான் தாழ்ச்சியடையேன்". மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு தானாக இறங்கும். நம் உடம்பை அவர் அப்படித்தான் படைத்திருக்கிறார். சில நிமிடங்கள் செய்தால் கை நடுக்கம் நிற்கும். அதன் பிறகு சங்கீதம் 121. "இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குகிறதுமில்லை" என்ற இடத்தை ராத்திரியில், விழித்திருந்து வாசிக்கும்போது அது வேறு மாதிரி இறங்குகிறது.

நேரம் நீளமாக இருந்தால் அப்போஸ்தலர் 27-ம் அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள், கூட ஆட்கள் இருந்தால் சத்தமாக வாசியுங்கள். பவுலும் கூட இருந்தவர்களுமாகக் கப்பலில் 276 பேர், புயலில் பதினாலாம் இராத்திரி. பாறையில் மோதிவிடுவோமோ என்று பயந்து, பின்னணியத்திலிருந்து, அதாவது கப்பலின் பின்பக்கத்திலிருந்து, நாலு நங்கூரங்களைப் போட்டு, "பொழுது எப்போது விடியுமோ என்றிருந்தார்கள்". அந்த இரவில் பவுல் செய்தது என்ன? கப்பலைவிட்டு நழுவப் பார்த்தவர்களைத் தடுக்கச் சொன்னார். சாப்பிடுங்கள் என்று எல்லாரையும் கெஞ்சினார். தானே அப்பத்தை எடுத்து, அத்தனை பேர் முன்பாகவும் தேவனை ஸ்தோத்திரித்து, பிட்டுச் சாப்பிட்டார். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கும் திடமனது வந்தது. வேனில் தண்ணீர் பாட்டில் இருந்தால் எல்லாருக்கும் கொடுங்கள், ஏதாவது தின்ன இருந்தால் பகிருங்கள். ஓட்டுகிறவர் நிதானமாக நன்றி சொல்லிக் குடிப்பதைப் பார்த்தாலே பின் சீட்டில் பேச்சுச் சத்தம் திரும்ப வந்துவிடும்.

அதே அதிகாரத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். கப்பல் உடைந்தது. ஆட்கள் எல்லாரும் கரை சேர்ந்தார்கள். அப்படித்தான் ஆகும் என்று பவுலுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. "இந்த வண்டியை இப்போதே ஸ்டார்ட் ஆக்கும்" என்று ஜெபிப்பதில் தவறில்லை, நானும் ஜெபிப்பேன். ஆனால் சாவியைத் திருப்பி, ஜெபித்து, மறுபடி திருப்பி, மறுபடி ஜெபித்து என்று அதையே விசுவாசத்துக்குப் பரீட்சையாக வைத்துக்கொள்ளாதீர்கள். இருக்கிற கொஞ்ச பேட்டரியும் தீர்ந்து, மனமும் உடைந்துபோகும். ஆட்களுக்காக ஜெபியுங்கள். உதவிக்குப் புறப்பட்டு வருகிறவருக்காக ஜெபியுங்கள்; அவரும் தூக்கத்திலிருந்து எழுந்து அதே இருட்டில்தான் ஓட்டி வருகிறார்.

பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். டார்ச் பிடிப்பது, எதிரே வருகிற விளக்குகளை எண்ணுவது, தெரிந்த பாட்டைத் தொடங்குவது. பவுலும் சீலாவும் சிறைக்குள் பாடியதும் நடுராத்திரியில்தான் என்று சொல்லுங்கள். எங்கள் வேனில் வரும் பாட்டி ஒருவர் இந்த மாதிரி நேரத்தில் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு மெல்லிய குரலில் பாட ஆரம்பித்துவிடுவார். சுருதி எங்கெங்கோ போகும். ஆனாலும் இரண்டாவது அடிக்குள் எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள்.

தெரியாத ஒருவர் வண்டியை நிறுத்தி உதவ வந்தால்? இயேசு சொன்ன கதையில் அடிபட்டவனுக்கு உதவிய நல்ல சமாரியனும் தெரியாத ஆள்தான். அதே சமயம், "சர்ப்பங்களைப்போல வினாவுள்ளவர்களும் புறாக்களைப்போல கபடற்றவர்களுமாய்" இருக்கச் சொன்னதும் ஆண்டவர்தான் (வினாவுள்ளவர்கள் என்றால் விவேகமுள்ளவர்கள்). கண்ணாடியை இரண்டு விரல் அளவு மட்டும் இறக்குங்கள். நன்றி சொல்லுங்கள், உதவிக்கு ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்பதையும் சொல்லுங்கள். நல்ல மனது உள்ளவர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். மனது ஒப்பவில்லை என்றால் கதவைத் திறக்க வேண்டாம்.

மெக்கானிக் வந்ததும் வெளிச்சம் பிடியுங்கள், குடிக்கத் தண்ணீர் கொடுங்கள், கூலியில் பேரம் பேசாதீர்கள். அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் சரி, "உங்களுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தோம்" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். அதற்கு மேல் அந்த நேரத்தில் பிரசங்கம் வேண்டாம், அவர் வேலையைப் பார்க்கட்டும்.

வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை: டார்ச், முக்கோணம், ஒளிரும் மேலங்கி, தண்ணீர், பவர் பேங்க், முக்கியமான எண்களை எழுதிய ஒரு தாள், சங்கீதங்களும் சேர்ந்த சின்னப் புதிய ஏற்பாடு ஒன்று. போனிலேயே வேதாகமம் இருக்கிறதே என்பீர்கள். அந்த இரவில் போனின் சார்ஜ் அழைப்புகளுக்கு வேண்டும், அதனால் அச்சிட்ட புத்தகமே நல்லது. டார்ச்சை மாதம் ஒருமுறை எரியவிட்டுப் பாருங்கள். செல் கசிந்திருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.