பழைய ஜெர்மன் எக்ஸ்பிரஸ் இன்ஜின்கள்: மாடல் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மன் நீராவி இன்ஜின்களைப் பித்தளையில் மாடலாகச் செய்து பார்க்கும் ஆசை நம்மவர்களிடம் கூடிவருகிறது. வரைபடத்தையும் பாதி முடிந்த சட்டத்தின் படத்தையும் அனுப்பி, "சரியா இருக்காண்ணா?" என்று கேட்கிறார்கள். பார்த்தால், ஆள்தான் வேறு, தவறு அதேதான்.

அளவுகோலைக் குழப்புவது, பஃபரைத் தலைகீழாக ஒட்டுவது மாதிரியானவை ஒருமுறை பட்டால் தானே திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். எத்தனை பேர் பட்டாலும் அடுத்து வருபவரும் போய் விழுகிற குழிகளை மட்டும் சொல்கிறேன்.

"ஜெர்மன் ரயில்வே" என்று எழுதுவது

1835 டிசம்பர் 7 அன்று ஆட்லர் என்ற இன்ஜின் நியூரம்பெர்க்கிலிருந்து ஃபியூர்த்துக்கு ஓடியபோது அது ஓடிய இடம் பவேரிய அரசு. இன்ஜினும் இங்கிலாந்தில் ஸ்டீஃபன்சன் பட்டறையிலிருந்து வந்தது. 1871-ல் ஜெர்மனி ஒன்றான பிறகும் ரயில்வேக்கள் ஒன்றாகவில்லை. பிரஷ்யா, பவேரியா, சாக்சனி, பாடன், வூர்ட்டெம்பெர்க் என்று ஒவ்வொன்றும் தன் வழியில், தன் விருப்பப்படி இன்ஜின் வாங்கியது. பாடன் 1850-களின் நடுப்பகுதி வரை 1,600 மி.மீ. அகலப் பாதையில் ஓட்டிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்துப் பாதைகளோடு சேர வேண்டுமென்று பிறகு எல்லாத் தண்டவாளத்தையும் மாற்றியது. 1920 ஏப்ரல் 1-க்குப் பிறகுதான் அத்தனையும் ஒரே குடையின் கீழ் வந்தன. 1908 நிலையில் செய்த இன்ஜினின் டெண்டரில் (பின்னால் வரும் நிலக்கரி-தண்ணீர் வண்டியில்) அதற்குப் பிந்தைய நிறுவனத்தின் எழுத்தைப் போட்டால் மற்ற எல்லா வேலையும் வீண்.

எஸ் 3/6-ம் எஸ் 6-ம் ஒரே குடும்பம் என்று நினைப்பது

இரண்டிலும் எஸ் என்பது எக்ஸ்பிரஸ் இன்ஜினுக்கான எழுத்து. எண்தான் வேறு. பவேரியாவில் 3/6 என்றால் மொத்தம் ஆறு அச்சு, அதில் மூன்று இழுப்பவை. பிரஷ்யாவில் 6 என்பது வெறும் வரிசை எண். அங்கே எஸ் 6-க்கு இழுக்கும் அச்சு இரண்டுதான். பிரஷ்யாவின் எஸ் 3, பவேரியாவின் எஸ் 3/6-க்கு முன்னோடியும் அல்ல. இன்னொன்று: பிரஷ்யாவின் இந்தப் பெயர்களே 1906 வாக்கில் வந்தவை. அதற்கு முன் ரயில்வே கோட்டத்தின் பெயரும் எண்ணும்தான் அடையாளம். 1898-ல் வந்த "ஹனோவர் 74" தன் பக்கவாட்டில் அந்தப் பெயரைத்தான் சுமந்தது. அந்த ஆண்டின் நிலையில் மாடல் செய்து எஸ் 4 என்று பலகை மாட்டாதீர்கள்.

பெரிய சக்கரம் என்றால் பெரிய வேகம் என்று நம்புவது

எனக்கு இன்றும் எரிச்சல் வருகிற தவறு இதுதான். பணமும் இதில்தான் அதிகம் போகிறது.

லேத் வேலை நன்றாகத் தெரிந்த ஒரு தம்பி, 1:32 அளவில் எஸ் 3/6 செய்யத் தொடங்கினார். படித்ததும் நிறைய. 1907 ஜூலை 2 அன்று மியூனிக்–ஆக்ஸ்பர்க் பாதையில் எஸ் 2/6 மணிக்கு 154.5 கி.மீ. தொட்டது, அதன் சக்கரம் 2,200 மி.மீ. என்பதெல்லாம் மனப்பாடம். ஆகவே சக்கரம் பெருக்கப் பெருக்க இன்ஜின் முன்னேறியது என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். எஸ் 3/6 குடும்பத்தில் 1,870 மி.மீ. சக்கரமும் உண்டு, 2,000 மி.மீ. சக்கரமும் உண்டு. பெரியதுதானே பிந்தையதாக, உயர்ந்ததாக இருக்கும் என்று 2,000-ஐ எடுத்து எஃகில் ஆறு சக்கரம் கடைந்துவிட்டார். சட்டத்தை வெட்டியதோ 1,870 இன்ஜினின் வரைபடத்தை வைத்து.

1:32-ல் முதலாவது 58.4 மி.மீ., இரண்டாவது 62.5 மி.மீ. நான்கு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் மூன்று இணைசக்கரங்களும் சட்டத்தில் நெருக்கியடித்து நிற்பவை. பெரியதை மாட்டியதும் விளிம்போடு விளிம்பு உரசியது. சக்கரம் ஒரு சுற்றுகூட முழுசாகச் சுற்றவில்லை. சட்டத்தை மாற்றினால் இணைப்புத் தண்டின் நீளம் மாறும், பிறகு பிரேக், பிறகு நடைபாதைத் தகடு. மாதக்கணக்கான வேலையைப் பழைய பித்தளைக்குப் போட்டார். வரலாற்றைத் தப்பாகப் படித்ததற்குக் கொடுத்த விலை அது. கைவேலையில் ஒரு குறையும் இல்லை.

சரி, அந்தச் சக்கரம் எதற்கு? சைக்கிளில் கியர் மாற்றுவதுபோல நீராவி இன்ஜினில் மாற்ற முடியாது. பிஸ்டன் ஒருமுறை போய்வந்தால் சக்கரம் ஒரு சுற்று. சக்கரம் சிறிதானால் அதே வேகத்துக்குப் பிஸ்டன் அதிகம் ஓட வேண்டும். தண்டும் தாங்கியும் தேயும். இதற்குப் பாடனின் 4எஃப் நல்ல பாடம். 1907-ல் மியூனிக்கின் மாஃபாய் நிறுவனம் செய்து கொடுத்த அது ஜெர்மனியின் முதல் பசிபிக் வகை: முன்னால் இரண்டு சிறிய அச்சு, நடுவில் மூன்று இழுக்கும் அச்சு, பின்னால் ஒரு சிறிய அச்சு. கறுப்புக் காட்டின் மலைப்பாதையிலும் ரைன் சமவெளியிலும் ஒரே இன்ஜின் ஓட வேண்டும் என்று 1,800 மி.மீ. சக்கரம் வைத்தார்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அந்தச் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 295 சுற்று சுற்றும். சமவெளியில் நெடுநேரம் அப்படி ஓடியதில் ஓட்டப்பகுதி மளமளவென்று தேய்ந்தது. 1918-ல் வந்த 4எச்-க்கு 2,100 மி.மீ. வைத்தார்கள். அதே வேகத்தில் 253 சுற்று.

ஆக, சக்கரம் தேய்மானத்தைக் குறைத்தது. ரயிலை இழுப்பது பாய்லரும், தண்டவாளத்தை அழுத்திப் பிடிக்கும் எடையும். இதை முதலில் உரக்கச் சொன்னவை கிராம்ப்டன் இன்ஜின்கள். 1853-ல் மாஃபாய் செய்த "ஃபால்ட்ஸ்", 1863-ல் பாடனுக்கு வந்த "ஃபீனிக்ஸ்" இரண்டிலும் ஒரே ஒரு இழுப்பு அச்சு, நெருப்புப் பெட்டிக்குப் பின்னால். பாய்லர் தாழ்வாக உட்கார்ந்ததால் ஓட்டம் நிதானமாக இருந்தது, வேகமும் வந்தது. ஆனால் அந்த ஒற்றை அச்சின் மேல் விழும் எடை போதாது. பெட்டிகள் கனத்ததும் சக்கரம் வழுக்கத் தொடங்கியது.

எஸ் 2/6-க்கும் அதே கதைதான். 154.5 தொட்டபோது அதன் பின்னால் இருந்த ரயில் 150 டன். இழுக்கும் அச்சு இரண்டு மட்டும். அந்தக் காலத்தில் ஜெர்மன் எக்ஸ்பிரஸ் ரயில்களின் எடை ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டிருந்தது. ரயில்வேக்குத் தேவைப்பட்டது ஒருநாள் சாதனை அல்ல. கனமான ரயிலை நிலையத்திலிருந்து கிளப்பி, ஏற்றத்திலும் வேகம் குறையாமல் கொண்டுபோகிற இன்ஜின். அதனால்தான் எஸ் 2/6 ஒன்றோடு நின்றது. 1910-ல் அதை ஃபால்ட்ஸ் பகுதியின் சமதளப் பாதைகளுக்கு அனுப்பிவிட்டார்கள். 1908-ல் தொடங்கிய எஸ் 3/6 மூன்று இழுப்பு அச்சோடு, சிறிய 1,870 சக்கரத்தோடு, 1930-களின் தொடக்கம் வரை 159 எண்ணிக்கை செய்யப்பட்டது. மணிக்கு 120 கி.மீ. ஓடியது. 1928-ல் ரைன்கோல்ட் சொகுசு ரயிலை இழுத்ததும் இதுதான். தம்பி ஆசைப்பட்ட 2,000 சக்கரம் 1912-13-ல் வந்த 18 இன்ஜின்களுக்கு மட்டும், சமதளத்தில் நீண்ட ஓட்டத்துக்காக. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் மறுபடி 1,870. இந்த ஒரு வரிசையைக் கவனித்திருந்தாலே "பெரியது பிந்தையது" என்ற எண்ணம் உடைந்திருக்கும்.

சக்கரத்தைப் பார்க்கிற கண்ணால் அதற்கு மேலே இருக்கும் சட்டத்தையும் பாருங்கள். பவேரியா 1900 வாக்கில் அமெரிக்காவின் பால்ட்வின் நிறுவனத்திடம் சில இன்ஜின்களை வாங்கிப் பிரித்துப் படித்தது. அவற்றில் இருந்த கனத்த கம்பிச் சட்டம் (பார் ஃபிரேம்) மாஃபாயின் தலைமை வடிவமைப்பாளர் அன்டோன் ஹாமெலின் கைக்கு வந்ததும் பாய்லரை உயர்த்தி, நெருப்புப் பெட்டியைச் சட்டத்துக்கு மேலே அகலமாக விரிக்க முடிந்தது. எஸ் 3/6-ல் நிலக்கரி எரியும் தட்டியின் (கிரேட்) பரப்பு 4.5 சதுர மீட்டர். அதன் கீழே நிற்கும் சிறிய பின்சக்கரம் அந்த அகலத்தைத் தாங்கத்தான். இந்த இன்ஜினின் வலு அங்கேதான் இருக்கிறது.

காம்பவுண்டு பழசு, சூப்பர்ஹீட்டர் புதுசு என்று பிரிப்பது

இரண்டும் ஒன்றை ஒன்று துரத்தியவை அல்ல. ஹனோவரில் பொறியாளர் ஃபோன் போரிஸ் 1880-ல் காம்பவுண்டைக் கொண்டுவந்தார்: ஒரு சிலிண்டரில் வேலை செய்த நீராவி இன்னொன்றிலும் வேலை செய்யும். 1898-ல் வில்ஹெல்ம் ஷ்மிட்டின் சூப்பர்ஹீட்டர் பிரஷ்ய இன்ஜின்களில் ஏறியது: நீராவி இன்னும் சூடாகி, சிலிண்டருக்குள் நீராகப் படியாமல் வேலை செய்யும். பெர்லினில் பிரஷ்ய இன்ஜின் வடிவமைப்பைக் கவனித்த ராபர்ட் கார்பே, சூப்பர்ஹீட்டர் இருந்தால் எளிய இரண்டு சிலிண்டரே போதும் என்று நின்றார். அதன் விளைவு 1906-ல் வந்த எஸ் 6, 584 இன்ஜின்கள். தெற்கே மாஃபாய் இரண்டையும் ஒன்றாகவே வைத்தது.

மாடலில் இது கண்ணில் படும். எஸ் 3/6-ல் வெளியே தெரிவது குறைந்த அழுத்தச் சிலிண்டர், விட்டம் 650 மி.மீ. அதிக அழுத்தச் சிலிண்டர்கள், தொடக்கத் தொடர்களில் 425 மி.மீ., உள்ளே ஒளிந்திருக்கின்றன. வெளிச் சிலிண்டரை எஸ் 6 அளவுக்கு ஒல்லியாக்கினால் முகமே மாறிவிடும்.

கருப்பு-வெள்ளைப் படத்தை வைத்து நிறம் தீர்மானிப்பது

வேண்டாம்.

மியூசியத்தில் நிற்பதெல்லாம் அசல் என்று அளவெடுப்பது

ஆட்லர் 1935-ல் நூற்றாண்டுக்காகச் செய்த நகல். 2005-ல் நியூரம்பெர்க் பணிமனைத் தீயில் எரிந்து மறுபடி கட்டப்பட்டது. "ஃபால்ட்ஸ்" 1925-ன் நகல். "ஃபீனிக்ஸ்", எஸ் 2/6 இரண்டும் அசல்.

எண்ணைப் பார்க்காமல் படத்தைப் பார்ப்பது

அந்தத் தம்பியின் குழப்பத்துக்கு மூலமும் இதுதான். மியூனிக்கின் டாய்ச்சஸ் மியூசியத்தில் நிற்கும் எஸ் 3/6, பவேரிய எண் 3634, பெரிய சக்கரக்காரன். நோர்ட்லிங்கன் மியூசியத்தில் இருக்கும் 3673 சிறிய சக்கரம். இணையத்தில் இரண்டின் படங்களும் ஒரே பெயரில் கலந்து கிடக்கின்றன. பவேரிய எண் 3624 முதல் 3641 வரை, 1925-க்குப் பிந்தைய எண்ணாக இருந்தால் 18 441 முதல் 18 458 வரை: இவை மட்டும் 2,000. வேறு எந்த எண்ணாக இருந்தாலும் 1,870. கடையப் போகும் முன் புகைபெட்டிக் கதவிலோ கேபின் பக்கத்திலோ உள்ள எண்ணைப் படித்துவிடுங்கள். எண் தெரியாத படத்திலிருந்து ஓர் அளவுகூட எடுக்காதீர்கள்.