தூரத்தைக் கூட்டும் முன் கையை எண்ணுங்கள்

10 வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் நீந்தணும் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள், பெற்றோரும் சரி, புதிதாகக் கோச்சிங் கொடுக்க வந்தவர்களும் சரி. 25 மீட்டரைக் கடக்க அவளுக்கு எத்தனை கை, அதாவது எத்தனை கைவீச்சு, ஆகிறது என்று நான் திருப்பிக் கேட்டால் அநேகமாகப் பதில் இருக்காது.

ஃப்ரீஸ்டைலில் வலது, இடது இரண்டையும் எண்ணுங்கள், கூடவே நேரத்தையும் எடுங்கள். 22 கை, 20 வினாடி என்றால் கூட்டினால் 42. இரண்டு மாதம் கழித்து அது 40 ஆனால் அவள் முன்னேறியிருக்கிறாள். கை குறைந்து அதைவிட அதிகமாக நேரம் கூடினால் சும்மா சறுக்கிக்கொண்டு போகிறாள், நேரம் கொஞ்சம் குறைந்து கை எக்கச்சக்கமாக ஏறினால் தண்ணீரை அடிக்கிறாளே தவிர பிடிக்கவில்லை. உயரமான பிள்ளையோடு இந்த எண்ணை ஒப்பிடாதீர்கள், அவளுடைய பழைய எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

கை வழுக்குவதற்குப் பெரும்பாலும் காரணம் முழங்கை கீழே விழுவது. 25 மீட்டர் கையை முஷ்டியாக மூடிக்கொண்டு நீந்தச் சொல்லி, அடுத்த 25 கையைத் திறக்கச் சொல்லுங்கள், முன்கையாலும் தண்ணீரைத் தள்ளலாம் என்பது அவளுக்கே பிடிபடும். தலையைத் தூக்கி முன்னால் பார்க்கிறாளா என்றும் கவனியுங்கள், தலை ஏறினால் இடுப்பு இறங்கிவிடும்.

10 முதல் 12 வயதுக்கு ஒரு மணி நேரத்தில் 1,500 மீட்டர் தாராளமாகப் போதும். 400 மீட்டர் வார்ம் அப், எட்டு 25 (அதாவது எட்டு முறை 25 மீட்டர்) ட்ரில் எனும் நுணுக்கப் பயிற்சி, நான்கு 50 கிக் (காலால் மட்டும்), அப்புறம் கையெண்ணிக்கை ஏறாமல் எட்டு 50, நடுவில் 20 வினாடி ஓய்வு, முழு வேகத்தில் நான்கு 25, கடைசியில் 200 மெதுவாக. எட்டு 50-இல் ஐந்தாவதிலேயே எண்ணிக்கை ஏறிவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள், அதற்கு மேல் அவள் பழகுவது தப்பான நீச்சலைத்தான்.

சுவரை விட்டுக் கிளம்புவதில் கறாராக இருங்கள். ஒவ்வொரு முறையும் கை நீட்டி உடம்பு அம்பு மாதிரி, இரண்டு காலையும் சேர்த்து அடிக்கும் டால்ஃபின் கிக் நான்கு, முதல் கையில் மூச்சு கிடையாது. ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை மூன்றிலும் 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்துவிட வேண்டும். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். பயிற்சியில் ஒற்றைக் கையால் தொட்டே பழகி, முதல் போட்டியில் டிஸ்குவாலிஃபை ஆகி அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அந்தத் தப்பு பிள்ளையுடையது இல்லை.

25 மீட்டர் பூலில் மட்டும் பழகியவர்கள், 1995 தெற்காசிய விளையாட்டுகளுக்காகக் கட்டிய சென்னை வேளச்சேரி நீச்சல் வளாகம் மாதிரி 50 மீட்டர் பூலுக்குப் போனால் 35 மீட்டரிலேயே தவிக்கிறார்கள். சின்ன பூலில் 100 மீட்டருக்கு சுவரில் திரும்பும் டர்ன் மூன்று கிடைக்கும், அங்கே ஒன்றுதான். போட்டிக்கு முந்திய மாதமாவது வாரம் ஒருமுறை பெரிய பூலுக்குக் கூட்டிப் போங்கள்.

13, 14 வயதில் தூரத்தைக் கூட்டலாம். 400 மீட்டரையும் 200 மீட்டரையும் தனித்தனியாக முழு முயற்சியோடு நீந்தவைத்து நேரம் எடுங்கள். 6:00, 2:50 என்று வந்தால் வித்தியாசம் 3:10, அதாவது 100 மீட்டருக்கு 1:35. அந்த வேகத்தில் பத்து 100, இடையே 15 வினாடி ஓய்வு. ஆறு வாரத்துக்கு ஒருமுறை திரும்ப அளந்து பாருங்கள்.

தோள்பட்டை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள். கை வேலையை நிறுத்தி, கையால் பிடிக்கும் மிதவைப் பலகையான போர்டு இல்லாமல் கிக் மட்டும் கொடுங்கள், போர்டைப் பிடித்தால் தோளுக்குச் சுமைதான். வலி நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். வளர்ச்சி வேகமெடுக்கும் வயதில் டைமிங் மாதக்கணக்கில் நகராமலும் நிற்கும், அப்போது திட்டாதீர்கள். சஜன் பிரகாஷ் 2021-இல் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1:56.38-இல் முடித்து, ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி தரும் ‘ஏ’ நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனபோது அவருக்கு வயது 27.

பத்தாம் வகுப்பு வந்ததும் பூலையே மறக்கடித்துவிடும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறதே, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். முழுப் பயிற்சி வேண்டாம், வாரம் மூன்று நாள், 40 நிமிடம் போதும். கிளம்பும்போது ஒரு வாழைப்பழம், திரும்பி வந்ததும் இட்லியும் முட்டையும், அப்புறம் படிக்க உட்காரட்டும்.