பல்பைச் சுற்றி வந்த நீலப்பச்சை

மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த படம். நியூக் என்ற காட்சித்தொகுப்பு மென்பொருளில் வைட் பேலன்ஸ் (விளக்கின் நிறச் சாயலை நீக்குவது) சரிசெய்ததும் முகம், சுவர் எல்லாம் இயல்பாகிவிட்டன. ஆனால் பல்பைச் சுற்றி மட்டும் நீலப்பச்சைத் திட்டு. மூன்று நாள் இதிலேயே போயிற்று.

முதலில் படத்தை உள்ளே கொண்டுவரும் ரீட் நோடின் கலர்ஸ்பேஸை, அதாவது நிற எண்களை எப்படிப் படிப்பது என்ற அமைப்பைச் சந்தேகித்தேன், சரியாகத்தான் இருந்தது. வெள்ளைப் புள்ளியை வேறு வேறு இடங்களில் எடுத்துப் பார்த்தேன். பிறகு ஹைலைட்டில் (மிக வெளிச்சமான பகுதியில்) மட்டும் சாச்சுரேஷனை, அதாவது நிற அடர்த்தியைக் குறைத்தேன். திட்டு சாம்பலாக மாறியது, அவ்வளவே.

கடைசியில் எண்களைப் பார்த்தேன். நிறம் சரிபார்க்கக் காட்சியில் வைத்த சாம்பல் அட்டையில் சிவப்பு 0.42, பச்சை 0.35, நீலம் 0.21. பச்சையை அடிப்படையாக வைத்து சிவப்பை 0.83, நீலத்தை 1.67 ஆல் பெருக்கியிருந்தேன். பல்பின் நடுவிலோ பெருக்கும் முன் மூன்றுமே 1, அதாவது பதிவாகும் உச்ச அளவு. அது வெள்ளை நிறமே அல்ல, சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனலும் நிரம்பி வழிந்த இடம். அங்கே சிவப்பு மட்டும் 0.83க்கு இறங்க, மிச்சம் நீலப்பச்சை!

எந்தச் சேனலையும் குறைக்கக் கூடாது என்பதுதான் தீர்வு. பெரிய எண்ணான சிவப்பை அடிப்படையாக்கி, நிறம் திருத்தும் கிரேட் நோடின் மல்டிப்ளையில் 1, 1.2, 2 கொடுத்து, 1க்கு மேல் போவதை 1லேயே நிறுத்தும் வைட் கிளாம்ப்பை டிக் செய்தேன். பல்பு வெள்ளையாயிற்று. படம் கொஞ்சம் வெளிறும். அதை அடுத்த நோடில் காமாவால் (0, 1 இரண்டையும் மாற்றாமல் நடு வெளிச்சத்தை மாற்றுவது) இறக்கிக்கொள்ளலாம். கிளாம்ப்புக்கு முன்னால் மூன்று சேனலையும் பெருக்கிக் குறைத்தால் திட்டு திரும்ப வரும்.