மலையில் இறங்குவதற்கு முதல் பிலாட்டிஸ் பாடம்

குன்னூரில் பெட்ஃபோர்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கி வருகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். வயது ஐம்பதைத் தாண்டியவர்களில் பலர் நேராக இறங்குவதில்லை. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு காலை வைத்து, அடுத்த காலை அதோடு சேர்த்து, இப்படித்தான் இறங்குகிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். "ஏறிடுவேன் கண்ணு, இறங்கத்தான் முடியல" என்பார்.

அக்கா சொல்வது உடம்பின் கணக்குப்படி சரி. ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி நம்மைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே நம் எடையைப் பிடித்து வைக்க வேண்டும். ஏற்றத்தில் மூச்சு வாங்குவதால் அதுதான் கஷ்டம் என்று நினைத்துவிடுகிறோம். முட்டிச் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடுவது இறக்கத்தில்தான். கீழ்நாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் ஒருநாள் முழுக்க மேடு பள்ளம் நடந்துவிட்டு, மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, தசை இப்படி நீண்டபடியே எடையைப் பிடித்ததால்தான்.

மலையில் இருக்கும் நமக்குத் தூக்கும் பலம் உண்டு, மெதுவாக விடும் பலம்தான் போதவில்லை. பிலாட்டிஸ் என்ற உடற்பயிற்சி முறை அதைத்தான் பழக்குகிறது என்பதால் நான் அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். இதை உருவாக்கிய ஜோசப் பிலாட்டிஸ் 1883-இல் ஜெர்மனியில் பிறந்தவர், சிறுவயதில் ஆஸ்துமாவால் அவதிப்பட்டவர். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் தடுப்பு முகாமில் இருந்தார், பிறகு நியூயார்க்கில் பயிற்சிக்கூடம் நடத்தினார். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் 'கன்ட்ராலஜி', அதாவது கட்டுப்பாட்டுக் கலை.

சரி, ஆரம்பிப்போம். நம் ஊர்த் தரை காலையில் ஐஸ் மாதிரி இருக்கும். ஒரு ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள். விடிந்ததும் செய்யாதீர்கள், வெயில் வந்த பிறகு போதும். வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் கை வீசி நடந்துவிட்டுப் படுங்கள். எலும்புத் தேய்மானம், டிஸ்க் பிரச்சினை, அண்மையில் அறுவை சிகிச்சை, கர்ப்பம் இதில் எது இருந்தாலும் முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செய்யும்போது கால் மரத்துப்போனாலோ, வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கினாலோ அன்றே நிறுத்துங்கள்.

முதல் படி, படுப்பது. மல்லாந்து படுத்து முட்டிகளை மடக்கி, பாதங்களை இடுப்பு அகலத்தில் வையுங்கள். இடுப்புக்கும் தரைக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். கை லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். தாராளமாகப் போனால் முதுகு வளைந்திருக்கிறது, நுழையவே இல்லை என்றால் முதுகைத் தரையில் அழுத்துகிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் கிடைக்கும். அதுதான் முதுகெலும்பின் இயல்பான வளைவு.

இரண்டாவது, மூச்சு. இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். ஒரு துண்டை விலா எலும்புகளைச் சுற்றிக் கட்டி, நுனிகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மூக்கால் இழுக்கும்போது விலா இரண்டு பக்கமும் விரிந்து துண்டைத் தள்ள வேண்டும். விடும்போது சூடான டீயை ஊதுவது போல வாயால் நிதானமாக விடுங்கள். இப்போது துண்டை விட்டுவிட்டு, இடுப்பெலும்பின் முன் முனையிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி விரலை வைத்து லேசாக இருமிப் பாருங்கள். விரலுக்கு அடியில் ஏதோ இறுகும். வயிற்றைப் பெல்ட் போலச் சுற்றியிருக்கும் ஆழ்தசையும் அந்த இறுக்கத்தில் இருக்கிறது. மேலே உதரவிதானம், கீழே இடுப்புத் தளத் தசைகள், பின்னால் முதுகெலும்பை ஒட்டிய மல்டிஃபிடஸ், சுற்றிலும் இந்தப் பெல்ட். நான்கும் சேர்ந்தால் நடுவுடம்பு மூடிபோட்ட டின் மாதிரி உறுதியாக நிற்கும். மூச்சை விடும்போது பத்தில் மூன்று பங்கு இறுக்கம் போதும். வயிற்றை உள்ளே எக்கிக்கொண்டு மூச்சைப் பிடிக்கக் கூடாது.

மூன்றாவது, பாலம். எனக்கு மிகப் பிடித்தது. அதே படுப்பில் மூச்சை விட்டபடி முதலில் வால் எலும்பு, பிறகு இடுப்பு, பிறகு நடுமுதுகு என்று தரையிலிருந்து உரித்தெடுப்பது போல மேலே வாருங்கள். தோளோடு நில்லுங்கள், கழுத்தில் எடை விழக் கூடாது. ஒரு மூச்சு இழுத்துவிட்டு, திரும்ப விடும்போது இறங்குங்கள். நம் மலை ரயிலில் பெட்டிக்குப் பெட்டி பிரேக்கைப் பார்க்க ஆள் நிற்பார் அல்லவா? அதே மாதிரி ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் ஒரு ஆள் நிற்பதாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வையுங்கள். ஏற நான்கு எண்ணினால் இறங்க எட்டு. பெரும்பாலானவர்களுக்கு இடுப்புக்கு மேலே ஓரிடத்தில் மூன்று நான்கு எலும்புகள் மொத்தமாகத் 'தொப்'பென்று விழும். அங்கே கட்டுப்பாடு இல்லை என்று அர்த்தம். அந்த இடத்தில் இன்னும் மெதுவாகப் போங்கள். ஆறு முறை போதும்.

நான்காவது சுலபம். ஒருக்களித்துப் படுத்து, முட்டிகளை மடக்கி, குதிகால்கள் ஒட்டியிருக்க மேல் முட்டியை மட்டும் சிப்பி போலத் திறந்து மூடுங்கள். இடுப்பு பின்னால் சாயக் கூடாது. பக்கத்துக்குப் பத்து. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பைச் சாயவிடாமல் பிடிப்பவற்றில் இந்தத் தசைகளும் உண்டு.

பிலாட்டிஸ் என்றதும் வீடியோக்களில் தலையைத் தூக்கிக் கையை நூறு முறை அடிக்கும் பயிற்சியைக் காட்டுவார்கள். ஆரம்பத்தில் அது வேண்டாம். நான் அதில்தான் தொடங்கினேன், இரண்டு வாரம் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

கடைசியாக வீட்டு வாசற்படி. இது ஜோசப் பிலாட்டிஸின் பாய்ப் பயிற்சிகளில் இல்லை, நான் சேர்த்துக்கொண்டது. தாழ்வான படியில் ஒரு காலில் நின்று, சுவரில் விரல் நுனியை வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை விட்டபடி மற்றக் குதிகால் தரையைத் தொடும் வரை நான்கு எண்ணி இறங்குங்கள். நிற்கிற காலின் முட்டி, கால் கட்டைவிரலுக்கு அடுத்த விரலின் நேரே போக வேண்டும், உள்பக்கம் சாயக் கூடாது. குதிகால் தரையைத் தொடும் சத்தம் கேட்கக் கூடாது. முட்டி வலித்தால் இன்னும் தாழ்வான படிக்கு மாறுங்கள். வாரத்தில் மூன்று நாள், காலுக்கு ஐந்து முறை.

சத்தமே இல்லாமல் பத்து முறை வந்துவிட்டால், அப்புறம் கையில் இரண்டு கிலோ கேரட் பையோடு செய்து பாருங்கள். மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு இறங்கும்போது கையில் அதுதானே இருக்கும்.