சின்னக் கடல்நீர்த் தொட்டியில் செய்யக் கூடாதவை

பவளமும் மீனும் வளர்க்கும் தொட்டியில் நீர் குறைந்திருக்கிறது. பக்கத்திலேயே கலக்கி வைத்த உப்புநீர் இருக்கிறது. அதை எடுத்து ஊற்றிவிடுகிறோம். சிறிய தொட்டிகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்.

ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. உப்பு உள்ளேயே தங்கிவிடும். 40 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 35 கிராம் என்றால் மொத்தம் 1,400 கிராம் உப்பு. 4 லிட்டர் ஆவியானால் அதே உப்பு 36 லிட்டரில் அடைபட்டு, அளவு 39-ஐத் தொடும். குறைந்ததை உப்புநீரால் நிரப்பினால் 38.5-இலேயே நின்றுவிடும். நன்னீர் ஊற்றினால்தான் 35-க்குத் திரும்பும். அதையும் நான்கு நாள் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் ஊற்றாதீர்கள். நீர்மட்டம் நிற்க வேண்டிய இடத்தில் கண்ணாடியில் ஒரு கோடு போட்டுவிட்டு, தினமும் கோடு வரை நிரப்புங்கள்.

அந்த நன்னீர் குழாய்நீராக இருக்கக் கூடாது. குளோரின் காற்றில் போய்விடும். குளோரமின் அவ்வளவு சுலபத்தில் போகாது. செம்பு கொஞ்சம் இருந்தாலே இறாலுக்கும் பவளத்துக்கும் நஞ்சு. பாஸ்பேட், சிலிகேட் வந்தால் பாசி பிடிக்கும். ஆர்.ஓ. நீரை, மிச்சமிருக்கும் அயனிகளையும் நீக்கும் டி.ஐ. வடிகட்டியிலும் விட்டு எடுப்பதே பாதுகாப்பு.

உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் நன்னீரில் பூஜ்ஜியத்துக்கு வைத்துவிட்டு நம்புபவர்கள் பலர். நமக்குத் தேவை 35-இல் சரியாகக் காட்டுவது. ஆகவே 35 என்று குறிக்கப்பட்ட அளவுத்திருத்தக் கரைசலில்தான் சரிபார்க்க வேண்டும். துளியை விட்டு மூடியபின் அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

அடுத்தது, நீரின் அமில-கார நிலையைக் காட்டும் பி.எச். எண்ணைத் துரத்துவது. இரவில் ஒளிச்சேர்க்கை நின்று கரியமில வாயு கூடுவதால், காலையில் பி.எச். இறங்கியிருப்பது இயல்பு. 7.8 என்று பார்த்தவுடன் அதை ஏற்றப் பஃபர் தூளைப் போட்டால், சற்று நேரத்தில் பி.எச். பழைய இடத்துக்கே வரும். காரத்தன்மை (அமிலத்தைச் சமன் செய்யும் கார்பனேட்டுகளின் அளவு) மட்டும் ஏறிக்கொண்டே போகும். முதலில் ஜன்னலைத் திறங்கள். மூடிய அறையில் சேரும் கரியமில வாயுவே பல நேரம் காரணம்.

காரத்தன்மை 7 முதல் 11 டி.கே.எச்.-க்குள் (அதை அளக்கும் அலகு) எங்கிருந்தாலும் பவளம் வாழும். ஆனால் 8-இல் பழகியதை ஒரே நாளில் 11-க்குத் தூக்கினால் தாங்காது. நாளுக்கு 1-க்கு மேல் மாற்ற வேண்டாம். இன்னொன்று, பவளத்துக்காகச் சேர்க்கும் கால்சியம் கரைசலையும் காரக் கரைசலையும் அடுத்தடுத்து ஊற்றக் கூடாது. ஒருமுறை நான் அப்படி ஊற்றினேன். நீர் சுண்ணாம்பு கரைத்தது போல வெளுத்து, ஹீட்டர் மேல் வெள்ளையாகப் படிந்தது. அது உண்மையிலேயே சுண்ணாம்புதான், கால்சியம் கார்பனேட். சேர்த்த இரண்டும் வீண். இடையில் நல்ல இடைவெளி விடுங்கள். மக்னீசியம் லிட்டருக்கு 1,250 மி.கி.-க்குக் கீழே இறங்கியிருந்தால் இந்தப் படிவு இன்னும் எளிதாக உண்டாகும்.

புது உப்புக்கு மாறும்போதும் இதே கவனம் வேண்டும். ஒரு நிறுவனத்தின் உப்பு 8 டி.கே.எச். தரும், இன்னொன்று 12 தரும். வாளியில் கலக்கி, பம்ப் போட்டுச் சுழலவிட்டு, தெளிந்தபின் சோதித்துப் பார்த்து, தொட்டியின் வெப்பநிலைக்குக் கொண்டுவந்த பிறகே ஊற்றுங்கள். தொட்டிக்குள் நேராக உப்பைக் கொட்டவே கூடாது. கரையாத பரல் பட்ட இடத்தில் பவளத்தின் தசை வெந்துவிடும்.

நைட்ரேட்டைப் பூஜ்ஜியமாக்கப் பாடுபடுவதும் தேவையில்லை. பவளத்துக்கும் அது கொஞ்சம் வேண்டும்.

சோதனையில் திடீரென்று விபரீதமான எண் வந்தால், மருந்துப் புட்டியை எடுக்கும் முன் கிட்டின் காலாவதித் தேதியைப் பாருங்கள். சோதனைக் குழாயை நன்றாகக் கழுவி, இன்னொரு முறை சோதியுங்கள்.